தயார் என்ற சொல்

திரையின் நடுவில் அந்தச் சிறிய வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. வெண்டெலா அதைப் பார்த்தபடி காபியைக் குடித்து முடித்தாள். வட்டம் நிற்கவில்லை. சர்வர்களை வேகமாக ஓடவைப்பது எப்படி என்று சொல்லிக்கொடுக்கிற வகுப்பில் சர்வரே நகர மறுத்தது.

சுன்ட்ஸ்வால் நகரத்து ஓட்டல் ஒன்றின் நான்காம் மாடியில் வகுப்பு. வெளியே மழையாக விழுவதா பனியாக விழுவதா என்று முடிவெடுக்க முடியாமல் ஏதோ ஒன்று துறைமுகத்தின் மேல் விழுந்துகொண்டிருந்தது. பயிற்சி நடத்திய டோர்கெல் காலணியைக் கதவருகே கழற்றிவிட்டு, கம்பளிக் காலுறையோடு சத்தமில்லாமல் நடந்தார். அவர் பக்கத்தில் வந்து நிற்பதே யாருக்கும் தெரிவதில்லை.

"என்ன வெண்டெலா, உன் கம்ப்யூட்டர் தியானத்துல உட்கார்ந்திருச்சா?" என்றான் அடுத்த இருக்கையில் இருந்த ஓஸ்டன். மர ஆலை ஒன்றின் கணினிகளைப் பார்த்துக்கொள்பவன். ஐம்பதைத் தாண்டியவன். வகுப்பில் அவன் திரை மட்டும் எப்போதும் உற்சாகமாக இருந்தது.

"உன்னோடது எப்படிடா ஓடுது?"

"கொடுக்கிறத கொடுத்தா ஓடும்."

வெண்டெலாவுக்குச் சிரிப்பு வரவில்லை. நேற்றிலிருந்து பயிற்சிகளில் பாதியை அவளால் முடிக்க முடியவில்லை. ஹார்னோசண்ட் நகராட்சி அவளை இங்கே அனுப்பியதே கடைசி முயற்சியாகத்தான்.

நகராட்சி மண்டபத்தின் அடித்தளத்தில் இரண்டு இரும்புப் பெட்டிகள் இருக்கின்றன. அவற்றுக்குள் நாற்பது கணினிகள் வசிக்கின்றன. ஒன்றுக்கும் உடம்பு கிடையாது. எல்லாம் மெய்நிகர் கணினிகள். ஒவ்வொன்றும் முழுப்பெட்டியும் தனக்கே சொந்தம் என்று நம்பிக்கொண்டு வாழ்கிறது. அந்த நம்பிக்கை கலையாமல் பார்த்துக்கொள்வதுதான் வெண்டெலாவின் வேலை. சில மாலைகளில், யாருமில்லாத அடித்தளத்தில் விசிறிகளின் இரைச்சலைக் கேட்டபடி, ஒருவரை ஒருவர் பார்த்தே இராத நாற்பது பேர் கனவு காணும் ஒரு வீடு என்று அதை அவள் நினைத்துக்கொள்வாள். அதை யாரிடமும் சொன்னதில்லை.

அந்த நாற்பதில் ஒன்றுதான் தொல்லை. வயதானவர்களின் வீடுகளுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளும் பணியாளர்கள், காலை ஏழு மணிக்குக் கைபேசியைத் திறந்து, யாருக்கு எந்த மாத்திரை என்ற பட்டியலைப் பார்ப்பார்கள். பட்டியல் அந்தக் கணினியிலிருந்து வரவேண்டும். வராது. பணியாளர்கள் மாடிப்படிகளில் குளிரில் நின்று வட்டம் சுற்றுவதைப் பார்ப்பார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு கிழவர் இன்சுலினுக்காகக் காத்திருப்பார்.

வெண்டெலா சும்மா இருக்கவில்லை. நான்கு பிராசஸர்கள் கொடுத்திருந்தாள். புகார் வந்ததும் எட்டாக்கினாள். மறுபடி புகார் வந்தது. ஈஸ்டருக்கு முன்னால் பதினாறாக்கினாள். மென்பொருள் விற்றவர்களும் பதினாறு வேண்டும் என்றுதான் எழுதியிருந்தார்கள். அதற்குப் பிறகு நிலைமை முன்னைவிட மோசமானது.

இல்லப் பராமரிப்புப் பிரிவின் தலைவி சிக்பிரிட், போன வாரம் அவள் மேசைக்கே வந்து நின்றாள்.

"திங்கக்கிழமை கூட்டம் இருக்கு. சர்வரையெல்லாம் வெளிக் கம்பெனிக்குக் கொடுத்துடலாமான்னு என்கிட்டதான் கேப்பாங்க. அதுக்குள்ள இது சரியாகலேன்னா கொடுத்துடுங்கன்னுதான் சொல்லப்போறேன். உன்மேல எனக்குக் கோபமில்ல வெண்டெலா. என் ஆளுங்க படிக்கட்டுல நிக்கிறாங்க."

கொடுத்துவிட்டால் வெண்டெலாவுக்கு அங்கே வேலை இல்லை.

சிக்பிரிட் சொன்னால் செய்வாள். இருவரும் ஒரே குடியிருப்பில்தான் இருந்தார்கள். குடியிருப்போர் சங்கத்தின் தலைவியும் சிக்பிரிட்தான். அடித்தளத்தில் இருந்த பொதுச் சலவை அறையின் சுவர் அவளுடைய கையெழுத்தால் நிறைந்திருந்தது. 'உலர்த்தியின் வடிகட்டியில் பஞ்சை விட்டுச்சென்ற நபருக்கு: நீங்கள் யார் என்று பஞ்சின் நிறமே சொல்கிறது.' அப்போது வெண்டெலாவிடம் பச்சை நிறத் துண்டு ஒன்று இருந்தது. அதன் பிறகு அவள் அதைப் பயன்படுத்தவில்லை.

"இப்ப இந்தப் பத்தியைப் பாருங்க," என்றார் டோர்கெல். பெரிய திரையில் ஒரு அட்டவணை. ஒரு பத்தியின் தலைப்பு 'தயார்'. அதன் கீழே சதவீதங்கள். "இது கூடினா நல்லதா, கெட்டதா?"

இந்த இரண்டு நாளில் வெண்டெலாவுக்கு உறுதியாகத் தெரிந்த முதல் கேள்வி அது. "நல்லது," என்றாள் சத்தமாக.

யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"முதல்ல எல்லாரும் அப்படித்தான் நினைப்பாங்க," என்றார் டோர்கெல் மென்மையாக. அந்த மென்மைதான் அவளுக்கு வலித்தது. "கணினி வேலை செய்யத் தயாரா இருக்கு. ஆனா பிராசஸர் கிடைக்கல. அப்படித் தயாரா நின்னுக்கிட்டே இருக்கிற நேரம்தான் இது. மீன் கடையில சீட்டு எடுத்துட்டு, பையைப் பிரிச்சு வெச்சுக்கிட்டு நிக்கிறோம் இல்லையா, அது மாதிரி. நம்ம நம்பர் வரல."

வெண்டெலாவின் காதுகள் சூடாயின. ஈஸ்டருக்குப் பிறகு அந்தப் பத்தி ஏறுவதைப் பார்த்து அவள் மகிழ்ந்திருக்கிறாள். ஒரு கூட்டத்தில் சிக்பிரிட்டிடமே சொல்லியிருக்கிறாள்: 'எங்க பக்கம் பிரச்சினை இல்ல, மெஷின் முன்னைவிட இப்ப ரொம்பத் தயாரா இருக்கு.' அந்தக் கணினி மாதக்கணக்கில் கையை உயர்த்தி உதவி கேட்டிருக்கிறது. அவள் அதைச் சுறுசுறுப்பு என்று எடுத்துக்கொண்டு முதுகில் தட்டிக்கொடுத்திருக்கிறாள்.

"ஏன் கிடைக்கல?" என்று கேட்டாள். குரல் அவள் நினைத்ததைவிடக் கடுமையாக வந்தது.

"நிறையக் கேட்டா கிடைக்காது. ரெண்டு பிராசஸர் வேணும்னு கேக்கிற கணினி, ரெண்டு காலியானதும் உள்ள போயிடும். பதினாறு கேக்கிறது, கிட்டத்தட்ட பதினாறும் ஒண்ணா காலியாகிற வரைக்கும் நிக்கணும். நம்ம லேப் ஏன் நேத்துலேருந்து படுத்துக்கிடக்குன்னு பாப்போமா?"

டோர்கெல் ஒரு வரியைச் சொடுக்கினார். பயிற்சி சர்வரில் இருந்த அத்தனை பிராசஸர்களையும் ஒரே கணினி கேட்டு வாங்கி வைத்திருந்தது. அதன் பெயர் 'ஓஸ்டன்-ராஜா'. மற்றவர்களுக்குத் தராமல் தனக்கென்று ஒதுக்கீடும் போட்டுவைத்திருந்தது.

பத்துப் பேரும் திரும்பி ஓஸ்டனைப் பார்த்தார்கள்.

"இருக்கட்டுமேன்னு கொடுத்தேன்," என்றான் அவன்.

"அது என்ன வேலை பண்ணுது?"

"பெருசா ஒண்ணுமில்ல. மணி காட்டுது."

"ரெண்டு நாளா என் உயிரை வாங்கினது ஒரு கடிகாரமா?" என்றாள் வெண்டெலா.

அறையே சிரித்தது. டோர்கெல் அதை இரண்டு பிராசஸருக்குக் குறைத்து ஒதுக்கீட்டையும் நீக்கினார். வெண்டெலாவின் திரையில் வட்டம் நின்றது. அறை முழுக்க விசைப்பலகைகள் ஒலிக்கத் தொடங்கின. ஓஸ்டன் தலையைச் சொறிந்துகொண்டு, "எனக்கு நல்லாத்தானே ஓடிச்சு" என்று முணுமுணுத்தான்.

அவனைத் திட்ட அவளுக்கு வாய் வரவில்லை. ஊரில் 'ராஜா'வை வைத்திருப்பவள் அவள்தான். அவளுடைய ராஜாவுக்கு ஓஸ்டனுடையதுபோல நன்றாக ஓடக்கூட வாய்க்கவில்லை. ஒதுக்கீடு இல்லாமல் பதினாறு கேட்டதால், அதுவும் நின்றது, மற்றவர்களும் நின்றார்கள்.

வியாழக்கிழமை என்பதால், அந்த நாட்டு வழக்கப்படி, மதியத்துக்குப் பட்டாணி சூப்பும் பான்கேக்கும். அவள் தட்டை எடுக்காமல் மாடிப்படியில் உட்கார்ந்து சிக்பிரிட்டுக்குப் போன் செய்தாள்.

"சிக்பிரிட், காரணம் தெரிஞ்சுடுச்சு. இன்னைக்கு மத்தியானம் பட்டியல் மெஷினைக் கொஞ்ச நேரம் நிறுத்தணும். பிராசஸரைப் பதினாறுலேருந்து நாலாக் குறைக்கணும்."



"குறைக்கணுமா?"

"ஆமா."

"மெதுவா இருக்குன்னு நான் சொன்னா நீ குறைக்கணும்னு சொல்ற."

"அது காத்திருக்கிறதாலதான் மெதுவா இருக்கு. தயார்னு ஒரு கணக்கு இருக்கு, அது..."

"தயாரா இருக்குன்னு வசந்த காலத்துலயே சொன்ன."

"அதைத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன். தயார்னா நிக்குதுன்னு அர்த்தம். பிராசஸர் ஒண்ணா காலியாகலேன்னா..."

"வெண்டெலா, மென்பொருள் கம்பெனிக்காரங்க பதினாறுன்னு எழுதிக் கொடுத்திருக்காங்க. அவங்களைவிட உனக்குத் தெரியுமா?"

"அவங்க வந்து நம்ம அடித்தளத்தைப் பாத்ததில்ல."

"நாளைக்குக் காலையில நின்னு போச்சுன்னா? நீ அங்க ஓட்டல்ல இருப்ப. படிக்கட்டுல யார் இருப்பா?"

வெண்டெலா மீண்டும் சொல்லிப் பார்த்தாள். சதவீதங்களைச் சொன்னாள், வரைபடத்தை அனுப்புவதாகச் சொன்னாள். தன் காதுக்கே அது சாக்குப்போக்கு போல ஒலித்தது. சரியான விடை கையில் இருந்தது. அதை இன்னொரு தலைக்குள் ஏற்ற ஒரு வழி கிடைக்கவில்லை. சுவரில் தலையை முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. கீழே யாரோ தட்டுகளை அடுக்கும் சத்தம் கேட்டது. எங்கோ ஒரு சலவை இயந்திரம் ஓட்டலின் விரிப்புகளைச் சுழற்றிக்கொண்டிருந்தது. அதன் அதிர்வு படிக்கட்டு வழியாக அவள் முதுகில் ஏறியது.

"சிக்பிரிட்," என்றாள். "நம்ம சலவை அறையில எத்தனை மெஷின்?"

"நாலு. எதுக்கு?"

"முன்பதிவுப் பலகை இல்லேன்னு வெச்சுக்க. வர்றவங்க காலியான மெஷினைப் பிடிச்சுக்கலாம். மூணாம் மாடிப் பையன் ஒரே ஒரு கூடை கொண்டு வர்றான். ஒரு மெஷின் காலியானதும் போட்டுட்டுப் போயிடறான்."

"அவன் வடிகட்டியைச் சுத்தம் பண்றதில்ல."

"பண்றதில்ல. இப்ப இன்னொருத்தி வர்றா. அவகிட்டயும் ஒரே கூடைதான் இருக்கு. ஆனா நாலு மெஷினும் ஒண்ணா காலியானாத்தான் துவைப்பேன்னு வாசல்ல நிக்கிறா. ஒண்ணு காலியாகும்போது மூணு ஓடுது. மூணு காலியாகும்போது ஒண்ணு ஓடுது. அவ தயாராத்தான் நிக்கிறா. சோப்பு கூட கையில இருக்கு."

"பைத்தியமா அவளுக்கு?"

"ஒரு வழியா நாலும் கிடைச்சா, நாலுலயும் நாலு சட்டை போடறா. அது முடியற வரைக்கும் மத்தவங்க வாசல்ல நிக்கிறாங்க."

சிக்பிரிட் மூச்சை இழுத்து விட்டாள். வெண்டெலாவுக்கு அந்த மூச்சு தெரியும். புதிதாக ஒரு குறிப்பு எழுதிச் சுவரில் ஒட்டுவதற்கு முன்பு வரும் மூச்சு அது.

"யார் அந்தப் பொம்பளை?"

"உன் பட்டியல் மெஷின். நாலு மெஷினும் வேணும்னு சொல்லிக்கொடுத்தது நான்."

சிக்பிரிட் மெதுவாக, ஆனால் உண்மையான கோபத்தோடு சொன்னாள்: "இதை முதல்லயே இப்படிச் சொல்லக்கூடாதா? ஆறு மாசமா பிராசஸர் பிராசஸர்னு... மத்தியான ஷிஃப்ட் கிளம்பினப்புறம் நிறுத்திக்க. காலையில நின்னுச்சுன்னா என்ன ஆகும்னு உனக்குத் தெரியும்."

"தெரியும்."

வெண்டெலா, அடித்தளத்தில் இருந்த சக ஊழியன் ஸ்டூரேவுக்கு எழுதினாள். மத்தியானம் அவனிடமிருந்து பதில் வந்தது: 'நாலுக்குக் கொண்டுவந்துட்டேன். திரும்ப ஓட ஆரம்பிச்சுடுச்சு. ரொம்ப ஒல்லியாத் தெரியுது, பாவம்.' தயார் பத்தி எவ்வளவு என்று கேட்டாள். ஏறக்குறைய ஒன்றுமில்லை என்றான். ஆனால் மத்தியானத்தில் யார் பட்டியலைத் திறக்கிறார்கள்? ஏழு மணிக்கு எல்லோரும் ஒன்றாகத் திறக்கும்போதுதான் தெரியும்.

மறுநாள் காலை உணவுக்கு அவள்தான் முதலில் இறங்கினாள். பாதியாக வெட்டிய முட்டையின் மேல் பற்பசை போன்ற குழாயிலிருந்து மீன்முட்டை விழுதைப் பிதுக்கிவைத்துவிட்டு, கைபேசியைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சாப்பிடவில்லை. வெளியே இன்னும் இருட்டாக இருந்தது. துறைமுக விளக்குகள் ஈரத்தில் கரைந்து கிடந்தன. ஹார்னோசண்டின் படிக்கட்டுகளில் இந்த நேரத்தில் அறுபது பேர் கையுறையைக் கழற்றி, திரையைத் தொட்டுக்கொண்டிருப்பார்கள்.

ஏழு மணி ஆனது. எதுவும் வரவில்லை. ஓஸ்டன் வந்து எதிரில் உட்கார்ந்து அவள் முகத்தைப் பார்த்தான்.

"யாராவது செத்துட்டாங்களா?"

"இன்னும் தெரியல."

அவன் தன் ரொட்டியில் பாலாடைக்கட்டியை அடுக்கினான். ஐந்தாறு துண்டுகள். அவள் அதைப் பார்த்த பார்வையில் இரண்டை எடுத்துத் திருப்பி வைத்தான்.

கைபேசி அதிர்ந்தது. சிக்பிரிட். வெண்டெலா அதை எடுத்துக் காதில் வைத்தாள்.

"என்ன நடக்குது இங்க?" என்றாள் சிக்பிரிட். "ரெண்டாம் மாடி பிரிண்டர் காலையிலேருந்து பேப்பரை மென்னு துப்பிக்கிட்டு இருக்கு."

"பிரிண்டரா?"

"பிரிண்டர்தான். மூணு பேர் நிக்கிறாங்க வரிசையில."

"பட்டியல்?"

"எந்தப் பட்டியல்?"

"மாத்திரைப் பட்டியல், சிக்பிரிட். ஏழு மணிப் பட்டியல்."

"ஓ, அது." யாரிடமோ திரும்பிக் கேட்கும் சத்தம். "அதுக்கென்ன, அவங்கல்லாம் கிளம்பிப் போயாச்சு. நான் பிரிண்டரைப் பத்திப் பேசிக்கிட்டு இருக்கேன்."

வெண்டெலா கண்ணை மூடிக்கொண்டாள். நன்றி என்று ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. இத்தனை மாதப் புகார்கள் எங்கே போயின என்று கேட்கத் தோன்றியது. நாற்பது கணினிகளின் வீடு அமைதியாக இருக்கிறது என்பதை யாரும் கவனிக்கப்போவதில்லை.

"ஸ்டூரேவை அனுப்பறேன்," என்றாள்.

"ஸ்டூரேவுக்குப் பிரிண்டர் வராது. திங்கக்கிழமை நீயே வந்து பாரு. வெளிக் கம்பெனிக்காரங்களைக் கூப்பிட்டா வர்றதுக்கே ஒரு வாரம் ஆகும், அதெல்லாம் சரிப்பட்டு வராதுன்னு நான் கூட்டத்துல சொல்லிடறேன்."

"சரி."

"அப்புறம், வெண்டெலா."

"சொல்லு."

"உன் வீட்டுல பச்சைத் துண்டு ஒண்ணு இருந்துச்சே, அது இன்னும் இருக்கா?"

வெண்டெலா முட்டையைப் பார்த்தாள். மீன்முட்டை விழுது ஓரத்தில் காய்ந்திருந்தது.

"இல்ல," என்றாள். போனை வைத்துவிட்டுச் சாப்பிடத் தொடங்கினாள்.