காய்ந்த பூத்தலைகள்

...இலைகள் எதிரெதிராக, சரி, அடிப்பக்கம் வெள்ளைச் சுணை, அதுவும் சரி, ஊதாக் கதிரில் ஒவ்வொரு பூவின் நடுவிலும் ஆரஞ்சுப் பொட்டு, அப்புறம் என்ன சந்தேகம், பட்டாம்பூச்சிச் செடியேதான், அழகுக்கென்று கடல் கடந்து தோட்டத்துக்கு வந்தது இப்போது தண்டவாளச் சரளையில் காடாக நிற்கிறது, ஆனால் எந்த வேலியைத் தாண்டி வந்தது? செடி ஆய்வு செய்கிறவளுக்கு அது தெரியாமல் சோறு இறங்காது... இத்தனை பட்டாம்பூச்சி மொய்க்கிறதே, ஒரு இலையிலாவது புழு கடித்த தடம் உண்டா? ம்ஹூம். விருந்துக்கு வருகிற ஒருத்தியும் இங்கே பிள்ளை பெற்றுப் போடுவதில்லை. உள்ளூர்ப் புதர்களை இது நெருக்கித் தள்ளிவிட்டால் புழுக்கள் எதைத் தின்னும்? நிமிர்ந்தாள். சரிவுக்கு மேலே அக்கா வீட்டு கேட், பக்கத்தில் அதே ஊதா. அட, கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறாள்.

ஆனால் கணக்கு உதைக்கிறதே... அக்கா வீட்டுச் செடி கல்யாணமான புதிதில் அத்தான் நட்டது, இங்கே இருப்பதெல்லாம் குட்டி. இருப்பதில் தடித்த தண்டை அறுத்து வளையங்களை எண்ணினாள், அத்தான் இறந்த பிறகு முளைத்ததுதான். அவர் இருந்தவரை ஏன் ஒரு விதைகூடத் தப்பவில்லை? அத்தான்... தையல்காரர், பிசிறு என்றால் ஆகாது, வந்த விருந்தாளியின் சட்டையில் நூல் தொங்கினாலும் நறுக்கிவிட்டுத்தான் காபி கொடுப்பார், பூத்தலை வாடினால் போதும், கத்தரிக்கோலோடு கிளம்பிவிடுவார். செடிக்குச் சவரம் பண்ணுகிறார் என்று அதிகம் கிண்டலடித்தது இவள்தான். பாவம், சிரித்துக்கொண்டே நறுக்குவார். அவர் போனபின் அக்கா அதில் யாரையும் கை வைக்க விடவில்லை.

இப்படிப் பரவுகிற அயல்செடி என்றால் மூலச் செடியை வேரோடு எடுப்பது அவள் அலுவலக வழக்கம், அக்காவிடம் அதை எப்படிச் சொல்வது? சரிவேறிப் போய், சுற்றி வளைத்து, ஒருவழியாகச் சொல்லிவிட்டாள். அக்கா கோபப்படவில்லை.

"அவர் வெச்சது. இதுவும் போயிட்டா, காலைல யாரைப் பார்க்க நான் கதவைத் திறக்கறது?"

கிளை முழுக்கக் காய்ந்த பழுப்புத் தலைகள், விரல் பட்டதும் பொடி பறக்கிறது, விதை, அத்தனையும் விதை... அவர் விட்டுப்போனது விட்டுப்போனபடி இருக்கட்டும் என்று அக்கா காத்தாள், ஆனால் அவர் இருந்தவரை இந்தச் செடி ஒருநாளாவது இப்படி இருந்ததா? சொல்லலாமா, வேண்டாமா என்பதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"அக்கா, அத்தான் இருந்தா இந்தக் காஞ்சதையெல்லாம் விட்டு வெச்சிருப்பாரா?"

அக்கா செடியைப் பார்த்தாள், இத்தனை நாள் பார்க்காதவள் மாதிரி. உள்ளே போனாள். தையல் மேஜையின் இழுவறை திறக்கிற சத்தம், அந்தக் கத்தரிக்கோலைத்தான் தேடுகிறாள்... இவள் பையில் ரம்பம் கனத்தது. நறுக்கினால் போதுமா, இனி ஒவ்வொரு வருஷமும் அக்கா நறுக்குவாளா, போதும் என்று தான் நினைப்பது செடிக்காகவா அக்காவுக்காகவா... தெரியவில்லை. பையின் வாயை மட்டும் மெல்ல மூடினாள்.