பனமலை ஏரிக்கரையில் ஒரு சிவப்பு

அப்ஸானா கோட்டக்குப்பத்தில் கல்யாண வீடுகளுக்குப் படம் எடுப்பவள். ஆனால் இரண்டு வருடமாக அவள் மனசில் இருந்தது வேறொரு படம்: ஐயாயிரம் ஒளியாண்டு தூரத்தில், சிவந்த வாயுவுக்குள் நட்சத்திரங்கள் உருவாகிக்கொண்டிருக்கும் ரோசெட் நெபுலா. பொம்மையார்பாளையம் கடற்கரையில் இரண்டு முறை முயன்றாள். விடுதி விளக்குகளில் வானம் வெளுத்துப் போய், ஒன்றும் தேறவில்லை.

இந்த ஜனவரியில், திண்டிவனத்தில் இயற்பியல் ஆசிரியையாக இருக்கும் தோழி எலிசாவைக் கூட்டிக்கொண்டு பனமலை ஏரிக்கரைக்குப் போனாள். நல்ல இருட்டு. வானத்தோடு சேர்ந்து மெல்லத் திரும்பும் தாங்கியில் கேமராவைப் பொருத்தி, இரண்டு நிமிடத்துக்கு ஒரு படமாக எடுக்கத் தொடங்கினாள். பத்தாவது படத்தில் எல்லாம் மங்கிவிட்டது. லென்ஸில் பனி.

"தொடைச்சா இன்னும் பேஜாரு. சூடு குடுக்கணும்," என்றாள் அப்ஸானா. "ஹீட்டரை வீட்லயே வச்சிட்டு வந்துட்டேன்."

பக்கத்து வயலில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த அம்சவள்ளி, டார்ச்சோடு வந்தாள். "யாரும்மா, இந்நேரத்துல?"

எலிசா விஷயத்தைச் சொன்னாள்.

"சூடுதானே வேணும்? இருங்க."

மோட்டார் கொட்டகை அடுப்பில் உப்பை வறுத்து, துணியில் முடிந்து கொண்டுவந்தாள். "முட்டி வலிக்கு நான் ஒத்தடம் வச்சிக்கறது இதான்."

அப்ஸானா அதை லென்ஸைச் சுற்றிக் கட்டினாள். கொஞ்ச நேரத்தில் கண்ணாடி தெளிந்தது. உப்பு ஆற ஆற, அம்சவள்ளி மறுபடி மறுபடி வறுத்துக் கொடுத்தாள். இப்படியே அறுபது படம்.

மடிக்கணினியில் அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்தபோது, திரையில் சிவப்பு மெல்லப் பரவியது. இதழ் இதழாக, நடுவில் நீல நட்சத்திரக் கொத்தோடு.

"பத்து வருஷமா போர்டுல வரைஞ்சிகினு இருக்கேன்டி, இன்னிக்குத்தான் நெஜத்துல பாக்கறேன்," என்று எலிசா அப்ஸானாவைக் கட்டிக்கொண்டாள்.

"இது எங்கம்மா இருக்குது?" என்றாள் அம்சவள்ளி.

அப்ஸானா மேற்கு வானத்தைக் காட்டினாள்.

"அங்க ஒண்ணுமே தெரியலயே."

"கண்ணுக்குத் தெரியாதுக்கா. ஆனா இருக்குது. உள்ள நட்சத்திரம் பொறந்துகினே இருக்குது."

அம்சவள்ளி கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு போனை எடுத்து, வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த கணவரை எழுப்பினாள்.

"ஜல்தியா ஏரிக்கரைக்கு வாங்க. ஒண்ணும் ஆவல. நல்ல சேதிதான்."