ஒரு முழம்

குதிக்கும் மேடையின் விளிம்பை மற்றவர்கள் இரண்டு கையாலும் பிடித்துக் குனிந்தார்கள். அவள் வலது கையால் மட்டும் பிடித்தாள். இடது கை முழங்கைக்குச் சற்றுக் கீழேயே முடிந்துவிட்டது. மிச்சத்தை மூன்று வருடத்துக்கு முன் அச்சகத்தில் காகிதம் வெட்டும் இயந்திரம் எடுத்துக்கொண்டது. ஐம்பது மீட்டரை முப்பத்தெட்டு நொடிக்குள் நீந்தினால் மாற்றுத்திறனாளிகளுக்கான நாட்டு அணியில் இடம். இல்லையென்றால் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடக்க வேண்டியதுதான். வயது முப்பத்து நான்கு. அடுத்த தேர்வுக்கு நான்கு வருடம் இருக்கிறது, அதற்குள் யார் இருப்பார் யார் போவார்.

பயிற்சி கொடுத்தது அவளுடைய அண்ணன். பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியர், கறாரான ஆள். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு இடது கைப்பழக்கம். விபத்துக்கு முன் வாங்கிய பதக்கமெல்லாம் சுவரை இடது கையால் தொட்டு வாங்கியவை. அதை மறக்கடிக்க அவன் பட்ட பாடு கொஞ்சமா? குளத்தின் அடியில் கறுப்புக் கோடு முடியும் இடம் வந்ததும் இடது, வலது, தொடு. சாப்பிடும்போதுகூட இதையே ஓதினான். "சாப்பாட்டையாவது அவ இஷ்டத்துக்குத் தொடட்டும், விடுங்க" என்று அண்ணி ஒருநாள் தட்டை இழுத்து வைத்தாள்.

அவனுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. விபத்து நடந்த புதிதில் இல்லாத விரல்கள் அரித்தன, மடங்கின, குளிர்ந்தன. அவள் சொல்லச் சொல்ல அம்மா அழுதாள், அண்ணன் சாப்பாட்டைத் தொடாமல் எழுந்து போனான். பொறுக்க முடியாமல் ஒருநாள், எல்லாம் போய்விட்டது, இப்போது ஒன்றுமே தெரியவில்லை என்று சொல்லிவைத்தாள். வீடே மூச்சு விட்டது. அதற்குப் பிறகு அண்ணன் எத்தனையோ தடவை கேட்டான். அத்தனை தடவையும் இல்லை என்று சாதித்தாள்.

விசில் ஒலித்தது, பாய்ந்தாள். அன்றைக்குத் தண்ணீர் அவள் பேச்சைக் கேட்டது. பயிற்சியில் ஒருநாளும் வராத வேகம் வந்தது. பக்கத்துத் தடத்தில் ஒற்றைக் காலோடு நீந்தியவள் பின்னால் போனாள். கறுப்புக் கோடு முடிந்தது. இடது. வந்த வேகத்தில் அந்த ஒரு வீச்சே போதுமாக இருந்தது; நடுவிரல் சுவரில் பதித்த தொடுபலகையில் பட்டது, அடுத்து மோதிர விரலும் பட்டது. பலகையின் சொரசொரப்பு, அதன் சில்லிப்பு, எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது. தலையைத் தூக்கினாள்.

சுவர் ஒரு முழம் தள்ளி இருந்தது.

அடித்துப் பிடித்து வலது கையைப் போட்டாள். மேலே நேரம் காட்டும் பலகையில் முப்பத்தெட்டு புள்ளி நான்கு என்று எரிந்தது.

அண்ணன் ஓடி வந்து விளிம்பில் குந்தினான். "ஏன் நின்ன?"

கண்ணாடிக்குள் தண்ணீர் போய்விட்டது, கால் பிடித்துக்கொண்டது என்று பொய்கள் கையிருப்பில் இருந்தன. அவளுக்கு அலுத்துவிட்டது.

"தொட்டுட்டேன்ணா."

"எங்க தொட்ட? நான் பாத்துட்டுதானே இருந்தேன்."

"தொட்டேன். பலகையில வரிவரியா இருக்குல்ல, அதுகூடத் தெரிஞ்சுது."

அவன் முகம் மாறுவதை அவள் பார்த்தாள். கோபம்தான் முதலில் வந்தது.

"போயிடுச்சுன்னு சொன்னியேடி. சொல்லியிருந்தா வேற மாதிரி பழக்கியிருப்பேன்ல. ரெண்டு மாசம் போதும் எனக்கு."

"அம்மா அழுதுட்டே இருந்தாங்க. நீ சாப்பிடல."

தனக்காகத்தான் சொன்னாள், தன்னால்தான் தோற்றாள் என்று அவனுக்கு உறைத்திருக்க வேண்டும். அவளுக்கு அவனைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. தடத்தைக் காலி செய்யச் சொல்லி நடுவர் விசில் ஊதினார். அடுத்த ஆட்கள் தொப்பியை இழுத்துவிட்டபடி மேடைக்குப் பின்னால் வந்து நின்றார்கள்.

"இப்பவும் தெரியுதா?"

"ம்."

அவள் பாதி இடது கையைச் சுவரை நோக்கி நீட்டினாள். அவன் விளிம்பில் குப்புறப் படுத்து, கையைத் தண்ணீருக்குள் விட்டுப் பலகையில் உள்ளங்கையைப் பதித்தான்.

"எங்க?"

"இன்னும் கீழ."

இறக்கினான். சட்டை தோள் வரை நனைந்தது.

"கொஞ்சம் இந்தப் பக்கம்... அங்கதான்."

விசில் மறுபடியும் ஒலித்தது. இருவரும் கையை எடுக்கவில்லை.