ஏழாவது பெயர்

ரோலி அந்தத் தாளைச் சமையலறை மேசையில் விரித்து, மூலை சுருளாமலிருக்க உப்புக் குப்பியை மேலே வைத்தார். வெள்ளிக்கிழமை காலை. தேர்தலுக்கு இன்னும் நான்கு நாள். தாளில் ஏழு பெயர்கள் இருந்தன. தபாலில் வாக்கை அனுப்பியவர்களில், உறையின் வெளிப்பக்கத்தில் கையெழுத்துப் போடாமலோ தப்பாகப் போட்டோ விட்டவர்கள் அவர்கள். செவ்வாய் மாலை ஐந்து மணிக்குள் எங்கள் சிறு மாவட்டமான கவுண்டியின் அலுவலகத்துக்குப் போய்ச் சரிசெய்யாவிட்டால் உறையைப் பிரிக்கமாட்டார்கள், வாக்கை எண்ணமாட்டார்கள். அப்படிப்பட்டவர்களைத் தேடிப் பிடித்துக் கூட்டிப்போவது கட்சி ஆட்களின் வேலை. ரோலி எங்கள் கவுண்டியின் குடியரசுக் கட்சித் தலைவர். அவருடைய தம்பியான என் கணவர் டெல்மர், டோப்ரி ஊருக்கும் சுற்றுப் பண்ணைகளுக்கும் கட்சிப் பொறுப்பாளர். இருபத்தாறு வருடமாக அந்த வேலை அவருடையதுதான். காபிக் கோப்பையை வைக்கக் குனிந்தபோதுதான் பட்டியலின் கடைசி வரியைப் பார்த்தேன். டெல்மர் வோண்ட்ரா என்று இருந்தது.

"கவுண்டி ஆபீஸ் மார்லிஸ் இதை என் கையில குடுக்கும்போது சிரிப்பை அடக்கிக்கிட்டா," என்றார் ரோலி. "ஊரெல்லாம் போய் 'கையெழுத்தை மறக்காதீங்க, கையெழுத்தை மறக்காதீங்க'ன்னு ஓதினவன் நீ. கடைசியில நீயே மறந்திருக்க."

டெல்மர் தாளைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோய் மேலிருந்து கீழ்வரை படித்தார். வலது கண்ணில் புரை எடுத்துப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. "ஆறு பேரை நான் பாத்துக்கறேன்," என்றார்.

"ஏழு பேருடா."

"ஆறுன்னுதான் சொன்னேன்."

ரோலி என்னைப் பார்த்தார். நான் சர்க்கரை போடாத காபியைக் கலக்கிக்கொண்டிருந்தேன்.

டெல்மர் அடுத்த பிப்ரவரியில் போய்விட்டார். தொழுவத்துக்கும் வீட்டுக்கும் நடுவே, பனியில், ஒரு கையில் வாளியோடு. அந்த நான்கு நாட்களை நான் இப்போது அடிக்கடி நினைத்துப் பார்ப்பதற்கு அவர் இல்லாதது மட்டும் காரணமில்லை. நாற்பத்து நான்கு வருட மண வாழ்க்கையில் அவருக்கு ஒரு வார்த்தை தேவைப்பட்டு, அது என்னிடம் இருந்தும் நான் கொடுக்காமல் விட்டது அந்த நாட்களில்தான்.

அது அதிபர் தேர்தல் இல்லாத வருடம். இப்படிப்பட்ட வருடங்களில் எங்கள் பக்கத்தில் பொதுவாக யாரும் பெரிதாக அலட்டிக்கொள்வதில்லை. எங்கள் கட்சிக்காரர் நிற்பார், ஜெயிப்பார், நாங்கள் சோளத்தை அறுத்துக்கொண்டிருப்போம். அந்த வருடம் அப்படியில்லை. சோயாவை வாங்க ஆளில்லாமல் சேமிப்புக் கோபுரங்கள் நிரம்பிக் கிடந்தன. உரம் விலை ஏறியது. எங்கள் கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினரும் இந்த முறை மறுபடி நிற்பவருமான கிரெய்டன் இரண்டு வருடமாக எந்த ஊர்க் கூட்டத்துக்கும் வரவில்லை. அக்டோபரில் தீயணைப்பு நிலையத்தில் நடக்கும் கட்சி விருந்துக்கு அவர் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். வந்தது அட்டையில் வெட்டிய அவருடைய ஆளுயரப் படம். பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளலாமாம். டெல்மர் ஒரு கிண்ணம் மிளகாய்க் கறியைக் கொண்டுபோய் அந்த அட்டையின் முன்னால் வைத்துவிட்டு, "ஆறிடப் போகுது, சாப்பிடுங்க," என்றார். கூடம் முழுக்கச் சிரித்தது. ரோலி சிரிக்கவில்லை. எதிர்க் கட்சிக்காரன் இப்படிச் செய்திருந்தால் டெல்மரே அவனை வெளியே தள்ளியிருப்பார்.

தபால் வாக்கு விஷயமும் அவரை உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது. இரண்டு தேர்தல்களுக்கு முன்னால் தபாலை நம்பாதீர்கள், அது திருட்டுக்கு வழி என்று வீடு வீடாகப் போய்ச் சொல்லச் சொன்னார்கள். சொன்னார். இந்த முறை தபாலிலேயே போட்டுவிடுங்கள் என்று சொல்லச் சொன்னார்கள். அதையும் போய்ச் சொன்னார். சில வீடுகளில் கதவைத் திறந்தவர்கள் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்களாம். "தூண்டிலை மாத்திட்டாங்க. மீனுக்கு ஞாபகம் இருக்காதுன்னு நினைச்சுட்டாங்க," என்று ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது சொன்னார்.

கண் ஆறும்வரை வண்டி ஓட்டக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்ததால், சனிக்கிழமை பிக்கப் வண்டியை நான் ஓட்டினேன். முதலில் வெர்ன் கோலாஷ் வீடு. எண்பத்தொரு வயது, தனிக்கட்டை, இன்னமும் நாற்பது மாடுகள். உறையில் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் அவர் தன் மாட்டுச் சூட்டுக்குறியை வரைந்து அனுப்பியிருந்தார். ஒரு கோடு, அதன்மேல் கவிழ்த்த கொம்பு.

"அறுபது வருஷமா என் மாடுங்க தொடையில இருக்கற குறி. ஷெரீஃபே அதைப் பாத்து ஒத்துக்கறான். அந்த மார்லிஸ் பொண்ணு ஒத்துக்கமாட்டாளோ?"

"நீங்க மாடு இல்லையே, வெர்ன்," என்றார் டெல்மர்.

"அதை உன் கட்சிகிட்டப் போய்ச் சொல்லு. வருஷா வருஷம் ஓட்டிட்டுப் போறது யாரு?"

டெல்மர் சிரித்த சிரிப்பில் அறுவை செய்த கண்ணிலிருந்து நீர் வழிந்தது. துடைக்காதே என்று நான் அதட்டினேன். வெர்ன் சிரிப்பை நிறுத்திவிட்டு, நாற்காலியை இழுத்து எதிரே உட்கார்ந்தார். "சரி, வரேன்டா. ஒண்ணு மட்டும் சொல்லு. பொறுத்துக்கங்க, பொறுத்துக்கங்கன்னு சொல்றாங்க. என் வயசுல எவ்வளவு நாளைக்குப் பொறுக்கறது? பாதிச் சோயா இன்னும் கொட்டகையிலதான் கிடக்கு."

இப்படிக் கேட்டால் என்ன பதில் சொல்வது என்று கட்சி அச்சடித்துக் கொடுத்த தாள் டெல்மரின் சட்டைப் பையில் இருந்தது. அவர் அதை எடுக்கவில்லை. "எனக்குத் தெரியல, வெர்ன்."

"அப்புறம் எதுக்கு என்னைக் கூட்டிட்டுப் போற?"

"அது உங்க வாக்கு. மூடின உறைக்குள்ளயே செத்துக் கிடக்க வேணாம்னுதான்."

"வேற யாருக்குப் போடறது? அந்தப் பக்கத்து ஆளுங்களுக்கா? எரியற கொள்ளியில எது நல்ல கொள்ளி?" என்று முனகிவிட்டு வெர்ன் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அலுவலகம் தேர்தலுக்காகச் சனிக்கிழமையும் திறந்திருந்தது. சிரமப்பட்டு, பள்ளிப் பிள்ளைபோல ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை எழுதினார். மார்லிஸ் மேசைக்குப் பின்னாலிருந்து டெல்மரையும் ஒரு பார்வை பார்த்தாள். "உங்களோடதும் இங்கதான் இருக்கு. இப்பவே முடிச்சிடலாமே?" என்றாள். "அப்புறம் வரேன்," என்று சொல்லிவிட்டு அவர் வெளியே வந்துவிட்டார்.

பாட்ஸியும் அவள் புருஷன் க்ளென்னும் உறைகளை மாற்றிக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். பாட்ஸி முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தவள். இல்லத்தை ஆகஸ்டில் மூடிவிட்டார்கள். அவள் எங்களை வாசலிலேயே நிறுத்திப் பிடித்துக்கொண்டாள். "டெல்மர், நான் உங்க கிரெய்டனோட டெலிபோன் கூட்டத்துல இருந்தேன். கேள்வி கேக்கணும்னா ஒண்ணை அழுத்துங்கன்னாங்க. அழுத்தினேன். நாப்பது நிமிஷம் வயலின் வாசிச்சாங்க. நன்கொடை தரணும்னா ரெண்டை அழுத்துங்கன்னாங்க. சும்மா சோதிச்சுப் பாக்கலாம்னு அழுத்தினேன். மூணே செகண்டுல ஒரு பொண்ணு 'வணக்கம் பாட்ஸி'ன்னா!" பின்னாலிருந்து க்ளென், "ஒருத்தராவது உன் பேரைத் தெரிஞ்சு வெச்சிருக்காங்களே," என்றார். டெல்மர் அவள் பேசி முடிக்கும்வரை தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார். இருவரும் திங்களன்று போய்ச் சரிசெய்துவிட்டார்கள். மற்ற மூவரையும் நாங்களே கூட்டிப்போனோம். திங்கள் மாலைக்குள் ஆறு பெயர்களும் அடிக்கப்பட்டுவிட்டன.

இடையில் ஞாயிற்றுக்கிழமை, தேவாலயம் முடிந்ததும் ரோலி எங்கள் இயந்திரக் கொட்டகைக்கு வந்தார். அண்ணன் தம்பி இருவருக்கும் அறுவடை இயந்திரம் ஒன்றுதான். அதன் வாரை மாற்றுவதாகச் சொல்லிக்கொண்டு இருவரும் அதன் கீழே படுத்திருந்தார்கள். நான் சாப்பிடக் கூப்பிடப் போனபோது நான்கு பூட்ஸ் கால்கள் மட்டும் தெரிந்தன.

"வீட்டுக்குள்ள எவ்வளவு வேணா சண்டை போடுவோம், டெல். வாசல்ல வெச்சுப் போடறது தப்பு."

"வீட்டுக்குள்ள பேச விட்டாத்தானே? விருந்துல பேசணும்னு நான் கை தூக்கினேன். நீதானே உக்காரச் சொன்ன."

"செவ்வாய் ராத்திரி அந்தப் பட்டியல் மாநில ஆபீசுக்குப் போகும். தலைவரோட கூடப் பொறந்தவனே போடலைன்னு தெரிஞ்சா என்னை என்ன சொல்லுவாங்க?"

"உனக்கு வருத்தம் பட்டியலுக்காகவா, எனக்காகவா?"

இடுக்கி ஒன்று சிமெண்டில் விழும் சத்தம் கேட்டது. ரோலி, "ரெண்டும் ஒண்ணுதான்னு நினைச்சுட்டிருந்தேன்," என்றார். அன்று அவர் சாப்பிட நிற்கவில்லை. நாற்பத்து நான்கு வருடத்தில் ஞாயிற்றுக்கிழமை மேசையில் அவருக்கு வைத்த தட்டை நான் திரும்ப எடுத்து அடுக்கியது அதுதான் முதல் தடவை.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கே நான் லூத்தரன் தேவாலயத்தின் கீழ்த்தளத்துக்குப் போய் வாக்களித்துவிட்டு வந்தேன். எனக்குத் தபாலில் போடப் பிடிக்காது. அட்டை மறைப்புக்குப் பின்னால் நின்றுகொண்டு ஷெரீஃபுக்கு, பள்ளிக் குழுவுக்கு, ஆற்று வாரியத்துக்கு எல்லாம் வட்டங்களைக் கறுப்பாக்கினேன். நாடாளுமன்ற உறுப்பினர் வரிசைக்கு வந்ததும் என் கை நின்றது. எதிர்க்கட்சிக்காரருக்குப் போட எனக்கு மனமில்லை. என் நம்பிக்கைகள் மாறவில்லை. ஆனால் கிரெய்டனின் பெயருக்கு எதிரே இருந்த வட்டத்தையும் நிரப்ப முடியவில்லை. அதை வெறுமையாக விட்டுவிட்டுத் தாளை இயந்திரத்தில் செருகினேன். "நான் வாக்களித்தேன்" என்ற ஒட்டுப்படத்தைக் கோட்டில் ஒட்டிவிட்டார்கள். வீடு திரும்பியதும் டெல்மர் அதைப் பார்த்தார். எதுவும் கேட்கவில்லை. நானும் எதுவும் சொல்லவில்லை.

நான்கு மணி இருக்கும். "வண்டியை எடு, ஆர்டித்," என்றார்.

கவுண்டி அலுவலகம் இருக்கும் கோர்ட் கட்டடத்தின் எதிரே நிறுத்தினேன். அவர் உடனே இறங்கவில்லை. சூரியன் தானியக் கோபுரங்களுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது.

"நான் மறக்கல," என்றார்.

"தெரியும்."

"வட்டமெல்லாம் போட்டேன். மேலேர்ந்து கீழ வரைக்கும் எப்பவும் போல. பால் கறக்கற மாதிரி, கை தானா போயிடுச்சு. கிரெய்டனுக்கும் போட்டுட்டேன். நாக்குல நனைச்சு உறையை ஒட்டின பிறகுதான் என்ன பண்ணினேன்னு உறைச்சுது. கிழிக்கவும் மனசு வரல. ஷெரீஃபுக்குப் போட்டது, பள்ளிக்கூடத்துக்குப் போட்டதெல்லாம் அதுக்குள்ள இருக்கு. அதான் பேர் எழுதாம அனுப்பிட்டேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இப்பக் கையெழுத்துப் போட்டா, அவன் செஞ்சதெல்லாம் சரிதான்னு நான் சொன்ன மாதிரி ஆகுது. போடலைன்னா, ரோலியைத் தெருவுல நிக்க வெச்ச மாதிரி ஆகுது. இந்த ஊர்ல இப்படி மண்டையைப் போட்டு உடைச்சுக்கறவன் நான் ஒருத்தன்தான் போல."

அப்போது சொல்லியிருக்கலாம். இல்லை டெல், நானும்தான், காலையில் அந்த வரிசையை வெறுமையாக விட்டேன் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? வாக்கு அவரவர் சொந்த விஷயம் என்று என் வீட்டில் என்னை வளர்த்தார்கள். நான் சொன்னால் அவர் என் பேச்சைக் கேட்டு முடிவெடுத்ததாக ஆகிவிடும் என்றும் நினைத்தேன். அதெல்லாம் பிறகு நானே கண்டுபிடித்துக்கொண்ட காரணங்களாகவும் இருக்கலாம். ஹீட்டரைக் கொஞ்சம் குறைத்தேன். "மணி ஆகுது," என்று மட்டும் சொன்னேன்.

அவர் இறங்கித் தெருவைக் கடந்தார். மார்லிஸின் அலுவலகம் தரைத்தளத்தில், தெருவைப் பார்த்த பெரிய ஜன்னலோடு இருக்கிறது. கடைசிவரை பார்த்திருக்கலாம், ஆனால் அவர் கையெழுத்துப் போடுகிறாரா என்று நான் பார்க்கவில்லை. பிப்ரவரியில், அவருடைய சவ அடக்கத்தன்று மார்லிஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆர்டித், அன்னைக்கு அவர்..." என்று ஆரம்பித்தாள். வேண்டாம் என்று தலையசைத்தேன். ரோலிக்குப் பட்டியலைப் பார்த்துத் தெரிந்திருக்கும். அவரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. கிரெய்டன் எப்படியும் ஜெயித்துவிட்டார், முன்னைவிடக் குறைந்த வித்தியாசத்தில்.

அன்று மாலை ஜன்னலுக்கு உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மார்லிஸ் ஒரு தட்டிலிருந்து உறையை எடுத்து மேசைமேல் வைத்தாள். சுவர்க் கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஏதோ கோப்புகளை அடுக்க ஆரம்பித்தாள். டெல்மர் தொப்பியைக் கழற்றினார். உறையை எடுக்கவில்லை. காய்ச்சல் விட்டுவிட்டதா என்று குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதுபோல, உள்ளங்கையை விரித்து அதன்மேல் வைத்தபடி குனிந்து நின்றார்.