வீட்டில் ஒருத்திக்குத்தான் தலைவலி

கட்டம் போட்ட சட்டைகள் வந்து இறங்கும் நாளில் அவளுக்கு மதியத்துக்கு முன்பே கண் கூசத் தொடங்கிவிடும். செக்கிங் மேஜைக்கு நேர் மேலே ஒரு டியூப்லைட், எதிர் வரிசையில் இன்னொன்று. காலரைத் திருப்பிப் பார்த்து, தோள் தையலை இழுத்துப் பார்த்து, பட்டனைத் திருகிப் பார்த்து, நூல் பிசிரை வெட்டிவிட்டு, தப்பு இருந்தால் அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டி இடப்பக்கம் தள்ள வேண்டும். தப்பில்லாதது வலப்பக்கம். இந்த வேலைக்கு மாமியார்களை வைத்தால் சீக்கிரம் முடியும் என்று பக்கத்து மேஜைக்காரி சொல்வாள். அன்று பிடரியில் காலையிலிருந்தே பாரம். கொட்டாவி கொட்டாவியாக வந்தது. அவளுடைய ஒற்றைத் தலைவலி இப்படித்தான் வரும், வேண்டாத விருந்தாளி வாசலில் நின்று செருமுவது போல. அந்த நேரத்தில்தான் சூப்பர்வைசர் வந்து மேஜையைத் தட்டினார்.

"உங்க பொண்ணு ஸ்கூல்லேருந்து போன். உடனே வரணுமாம்."

"மறுபடியும் வயித்து வலியா சார்?"

"அதெல்லாம் சொல்லல. அரை நாள் லீவு போட்டுட்டுப் போங்க. இந்த மாசம் ஏற்கெனவே நிறைய ஆச்சு, பாத்துக்குங்க."

அவளுக்கும் தெரியும். அதில் முக்கால்வாசி தன் தலைக்காகப் போட்டது.

வயிறாகத்தான் இருக்கும் என்று பஸ்ஸில் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். மகளுக்கு எட்டு வயது. ஒரு வருஷமாக அடிக்கடி வயிற்று வலி. பூச்சியாக இருக்கும் என்று மருந்து கொடுத்தார்கள், பிறகு இன்னொரு முறை கொடுத்தார்கள், அதற்குப் பிறகு வேறு கம்பெனி மருந்து வாங்கிக் கொடுத்தார்கள். வயிற்றில் ஒரு பூச்சியும் மிஞ்சியிருக்க வாய்ப்பில்லை. வலி மட்டும் மிஞ்சியது. அதோடு இந்தக் கோபமும். காரணமே இல்லாமல் பென்சிலை உடைப்பாள், சாப்பாட்டுத் தட்டைத் தள்ளுவாள், கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். மறுநாள் ஒன்றும் நடக்காதது போல வந்து மடியில் உட்காருவாள். யாரைப் போலப் பிறந்திருக்கிறாள் என்று அவள் அலுத்துக்கொள்ளும்போது, கணவன் பதில் சொல்லாமல் கூரையைப் பார்ப்பான்.

அவன் டெலிவரி வேன் ஓட்டுகிறவன். வெறும் வாய்க்கு அவல் மாதிரி அவனுக்கு எப்போதும் ஒரு கேலி வேண்டும். அவள் பாத்திரத்தை வைக்கும் சத்தத்தை வைத்தே நாளைக்குத் தலைவலி வருமா வராதா என்று சொல்லிவிடுவான். "சில்வண்டு, வானிலை அறிக்கை கேட்டியா? நாளைக்கு மழை" என்று மகளின் காதில் சொல்வான். கைக்குழந்தையாக இருந்தபோது ஓயாமல் கத்தியதால் அவன் வைத்த பெயர் அது. இப்போது அந்தப் பெயருக்கும் அவளுக்கும் சம்பந்தமே இல்லை. அம்மா உள்ளே படுத்துவிட்டால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடப்பாள். குழாயின் கீழே துணியைப் போட்டுத் தண்ணீர் பிடிப்பாள். தும்மல் வந்தால் தலையணையில் முகத்தைப் புதைத்துத் தும்முவாள். பார்ப்பவர்கள் எல்லாம் எவ்வளவு சமத்து என்பார்கள். கேட்கும் அம்மாவுக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

பள்ளியில் ஆசிரியர் அறைக்கு வெளியே பெஞ்சில் சில்வண்டு குனிந்து உட்கார்ந்திருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. வகுப்பு டீச்சர் நல்ல மாதிரிதான். ஆனால் காலையிலிருந்து கத்தித் தொண்டை கட்டியிருந்தது. அலுப்பு குரலில் தெரிந்தது.

"பக்கத்துல உக்கார்ற பொண்ணு சத்தமா பாடம் வாசிச்சிட்டிருந்தா. நான்தான் வாசிக்கச் சொன்னேன். இவ திடீர்னு எழுந்து அவ வாயைப் பொத்திட்டா. சும்மா விளையாட்டுக்கு இல்லீங்க. ஒரு கையால வாயை, இன்னொரு கையால பின்னந்தலையை. இறுக்கி. அந்தப் பொண்ணு முகமே சிவந்துபோச்சு, மூச்சு வரல. நாங்க ரெண்டு பேர் சேர்ந்து பிரிச்சோம்."

அவள் வெளியே பெஞ்சில் இருந்த மகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"போன வாரம் ஒருத்தனோட டிபன் பாக்ஸைத் தூக்கி எறிஞ்சா. அதுக்கு முன்னாடி பெல் அடிச்சதும் காதைப் பொத்திக்கிட்டு பெஞ்சுக்கு அடியில போய்ட்டா. இன்னொரு தடவை இப்படி நடந்தா வகுப்புல வச்சுக்க முடியாதுன்னு ஹெச்.எம். சொல்லிட்டாங்க. தப்பா நினைக்காதீங்க, வீட்ல யாராவது அடிப்பீங்களா?"

"இல்ல மிஸ்."

அது உண்மைதான். அடித்ததில்லை. ஆனால் ஒரு கை வாயிலும் ஒரு கை பின்னந்தலையிலும் எப்படி வரும் என்று அவளுக்குத் தெரியும். ஒரு விடுமுறை நாள் மதியம், வலி உச்சியில் இருந்தபோது, மகள் கண்ணாடி முன்னால் நின்று பாடிக்கொண்டிருந்தாள். நிறுத்து என்று சொல்லக்கூட வாய் திறக்க முடியவில்லை. எழுந்து போய்ப் பொத்தினாள். பாட்டு நின்ற பிறகும் சற்று நேரம் கையை எடுக்கவில்லை. அந்த நிசப்தம் அவ்வளவு சுகமாக இருந்தது. அதற்குப் பிறகும் இரண்டொரு முறை நடந்தது. குழந்தை அதைப் பற்றி யாரிடமும் எதுவும் சொல்லவில்லை, அவளும் மறந்துபோனாள். சிவப்பு ஸ்டிக்கரை எங்கே ஒட்டுவது என்று தெரியாமல் டீச்சர் முன்னால் நின்றாள்.

வெளியே வந்ததும் வெயில் கண்ணில் குத்தியது. அவளுக்குத் தலையின் இடப்பக்கம் மெல்ல இடிக்கத் தொடங்கியிருந்தது. இருவரும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். என்னைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டாள், என்னால்தான் இவளைப் பள்ளிக்கூடத்தை விட்டு அனுப்பப்போகிறார்கள் என்பதையே மனசு திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. அதனால் மகள் சுவரின் நிழலை ஒட்டியே நடப்பதையும், ஒரு கண்ணைப் பாதி மூடியிருப்பதையும் நிறுத்தம் வந்த பிறகுதான் கவனித்தாள். கட்டைவிரலால் புருவத்துக்கு மேலே அழுத்திக்கொண்டிருந்தாள். வலி வந்தால் அம்மா தன் நெற்றியில் அழுத்துவதும் அந்த இடத்தில்தான். அடுத்த நொடி சில்வண்டு விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். அம்மா ஓடிப்போய் நெற்றியைத் தாங்கினாள். விரலுக்கு அடியில் நரம்பு விண் விண்ணென்று துடித்தது.

"எங்கடா வலிக்குது?"

"வயிறு."

"கண்ணு, அம்மா திட்ட மாட்டேன். எங்க வலிக்குதுன்னு காட்டு."

குழந்தை யோசித்துவிட்டு நெற்றியைத் தொட்டுக் காட்டினாள். "இங்க. வயித்து வலி மேல ஏறி இங்க வந்துடும். அப்புறம் எல்லாரும் கத்துற மாதிரி இருக்கும்."

"இது தலைவலிடா."

"இல்லம்மா. சின்னப் பிள்ளைங்களுக்குத் தலைவலி வராதுன்னு நீதானே சொன்ன."

சொல்லியிருந்தாள். ஒரு நாள் தான் படுத்திருக்கும்போது வந்து, எனக்கும் தலை வலிக்குது என்று பக்கத்தில் படுத்துக்கொண்ட குழந்தையிடம், உனக்கெல்லாம் தலைவலி வராது, அம்மாவைப் பாத்து நடிக்காதே, போய் விளையாடு என்று சொல்லியிருந்தாள். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும் என்பார்கள். சூப்பர்வைசருக்குத் தெரியாததற்கும் கணவனுக்குத் தெரியாததற்கும் அவள் எப்போதும் சொல்லும் பழமொழி அது. தனக்கு வந்து, இருபது வருஷம் அதோடு குடும்பம் நடத்தியவளுக்கு, பெற்ற பிள்ளைக்கு வந்தது தெரியவில்லை. பூச்சி மருந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். அழ வேண்டும் போல இருந்தது. அழுதால் வலி கூடும் என்று நிறுத்திக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் ஜன்னலில் போர்வையை மாட்டினாள். இருட்டறை ஒன்றுதான், கட்டிலும் ஒன்றுதான். அதில் மகளைப் படுக்க வைத்து, ஈரத்துணியைப் பிழிந்து நெற்றியில் போட்டாள். தன் மாத்திரையைக் குழந்தைக்குக் கொடுக்கலாமா என்று தெரியவில்லை. சாயங்காலம் டாக்டரிடம் கேட்க வேண்டும். தனக்கு ஒன்றை விழுங்கிவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். மண்டைக்குள் சம்மட்டி நன்றாக இறங்க ஆரம்பித்திருந்தது. வேன் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. போர்வை மாட்டிய ஜன்னலைப் பார்த்திருப்பான். செருப்பில்லாத கால்கள் வாசலுக்கு வந்தன.

"உனக்கா?" என்று கதவிடுக்கில் கிசுகிசுத்தான்.

"இவளுக்கு."

அவனுக்குப் புரியவில்லை. கேலி செய்யவும் வரவில்லை. அங்கேயே நின்றான்.

துணி நழுவியிருந்தது. சரிசெய்யக் கையை நீட்டினாள். கை முகத்துக்கு மேலே வந்ததும் குழந்தை உதட்டை உள்ளே மடித்து வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். மூச்சை ஆழமாக ஒரு முறை இழுத்து வைத்துக்கொண்டாள். கண்களில் பயம்கூட இல்லை. பழக்கம்தான்.

அவள் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"வாயைத் திறம்மா. வலிச்சா அழு. சத்தமா அழு."

சில்வண்டு நம்பாமல் அம்மாவின் நெற்றியைப் பார்த்தாள். "உனக்கு வலிக்குமே."

"வலிக்கட்டும்."

முதலில் ஒரு சின்ன முனகல்தான் வந்தது. அது நிற்காமல் நீண்டு, தொண்டையைக் கிழித்துக்கொண்டு பெரிய அலறலாக வெளியே வந்தது. ஒரு வருஷத்துக்கான அலறல். வாசலில் நின்றவன் பழக்க தோஷத்தில் உதட்டில் விரலை வைத்து "உஷ்" என்றபடி உள்ளே வந்தான். அவள் வேண்டாம் என்று தலையை அசைத்தாள். அசைத்ததில் அறையே ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஒவ்வொரு அலறலும் இடக்கண்ணுக்குப் பின்னால் போய் இறங்கியது. அவள் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின் மேல் உட்கார்ந்துகொண்டாள்.