பெயருக்கு முன்னால்

செருப்பைக் கழற்றிவிட்டுப் படியேறியவளை வாசலில் நின்ற பெண் நிறுத்தினாள்.

"நீங்க என்ன வகையில சொந்தம்?"

"தெரிஞ்சவங்க," என்றாள்.

"அப்ப முன் ரூம்ல உட்காருங்க. மய்யித்து முகம் பாக்கறது குடும்பத்துப் பொம்பளைங்க மட்டும்தான்."

உள்ளே இறந்து கிடப்பது அவளைப் பெற்ற அத்தா. அவளுக்கு ஒன்பது வயதானபோது வேறொருத்தியோடு போனவர், திரும்பவே இல்லை. பதினோரு வருடத்துக்கு முன் அவள் நிக்காஹ் அழைப்பிதழில் அந்த மனிதரை எப்படிப் போடுவது என்று அம்மா ஒரே ஒரு நாள்தான் யோசித்தாள். "மர்ஹூம்னு போட்டுருங்க. செத்தவரப் பத்தி எவனும் கேள்வி கேக்க மாட்டான்." இறந்தவர் பெயருக்கு முன்னால் போடுகிற சொல்லை உயிரோடிருந்தவருக்குப் போட்டு மாப்பிள்ளை வீட்டார் வாயை அடைத்தாயிற்று. அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள். கணவனைப் பொறுத்தவரை மாமனார் என்றோ செத்தவர். இன்று காலை அவனிடம், "கூட வேலை பாக்கறவங்க வீட்டுல ஒரு மௌத்து," என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். வாசலில் நிற்கும் ஆண்களில் இரண்டு பேர் அவனோடு ஒரே பள்ளிவாசலில் தொழுகிறவர்கள். மகள் என்று வாய் திறந்தால் அவள் வீடு போவதற்குள் பேச்சு போய்விடும்.

அழுவதற்குக்கூட உரிமை வேண்டும்போலிருக்கிறது. அவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

பக்கத்து நாற்காலி அம்மாள் மெல்லப் பேச்சுக் கொடுத்தாள். "நான் பாய்கூட பிரஸ்ல பதினாறு வருஷம் வேலை பார்த்தேன். நீங்க?"

"கார்டு அடிக்க வந்த பழக்கம்."

"முஸ்லிம் கல்யாணக் கார்டுன்னா மத்த பிரஸ்காரங்களும் இவர்கிட்டதான் தள்ளிவிடுவாங்க. கவர் மேல பிஸ்மில்லா போடவே மாட்டார், கிழிச்சுப் போட்டா கால்ல படும்பார். தேதிக்கு முன்னாடி இன்ஷா அல்லாஹ் இல்லாம ஒரு கார்டு வெளிய போகாது." அச்சகக்கார அம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "ஒரு தடவ ஒரு கார்டு வந்துச்சு. பொண்ணோட அத்தா பேரு அப்படியே இவர் பேரு, இனிஷியல் உட்பட. முன்னாடி மர்ஹூம். என்ன பாய், உங்களையே அனுப்பி வச்சுட்டாங்களேன்னு சிரிச்சேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"சாப்பிடக்கூட எந்திரிக்காம அந்த ஒரு கார்டையே நாள் பூரா பண்ணார். அந்த வார்த்தை இருக்கட்டுமான்னு நான்தான் கேட்டேன். இருக்கட்டும், சரியாத்தான் இருக்குன்னார்."

அது அவள் நிக்காஹ் அழைப்பிதழ். சந்தன நிற அட்டையில் தங்க எழுத்து. எவ்வளவு அழகு என்று தோழிகள் சொல்லச் சொல்ல, பெருமையாகத் தன் கையாலேயே அதைக் கொடுத்திருந்தாள்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "முகத்த மூடப் போறோம். பாக்காதவங்க வந்து பாத்துக்கங்க."

அவள் எழுந்து போனாள். முதலில் நிறுத்திய பெண் இப்போது உள்ளறைக் கதவருகே கையை நீட்டி மறித்தாள்.

"நான் அவர் மக," என்றாள். முன்னறை தாண்டி வாசல்வரை கேட்டிருக்கும்.

தலைமாட்டில் இருந்த அவர் மனைவி நிமிர்ந்து பார்த்தாள். முழங்காலை மடக்கிக்கொண்டு, ஒரு ஆள் உட்கார இடம் விட்டாள்.