சிட்டுவின் கணினி

அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் ஒற்று அண்ணன். மென்பொருளின் உதவிப் பக்கங்களில் எங்காவது ஓர் ஒற்று விடுபட்டிருந்தால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. ஓரிடத்தில் 'சர்வர்', இன்னோரிடத்தில் 'செர்வர்' என்று கண்ணில் பட்டுவிட்டால் கேட்கவே வேண்டாம், குட்டி போட்ட பூனை மாதிரி சுற்றிச் சுற்றி வருவார்.

நேற்று மதியம் சிட்டு சாப்பிடப் போயிருந்தாள். அவள் புதிதாகச் சேர்ந்தவள், வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. பூட்டாமல் விட்டுப்போன அவள் திரையில் சர்வரும் செர்வரும் ஒரே பக்கத்தில் பல்லை இளித்தன. தன் நாற்காலிவரை நடக்கிற பொறுமைகூட அண்ணனுக்கு இல்லை. அங்கேயே குனிந்து, எல்லாப் பக்கங்களிலும் ஒரே தட்டில் 'சர்வர்' என்று மாற்றிச் சேமித்துவிட்டு, திருப்தியாக டீ குடிக்கப் போனார்.

தலைப்புகளும் சேர்ந்து மாறிவிட்டன. தலைப்பை வைத்துத்தான் ஒவ்வொரு பக்கத்துக்கும் இணைப்பு அமைகிறது; தலைப்பு மாறினால் பழைய இணைப்பு அறுந்துவிடும். இது அவருக்குத் தெரியாததல்ல, அவசரத்தில் மறந்து தொலைத்தார். இன்று காலை வாடிக்கையாளர்கள் உதவிப் பொத்தானை அழுத்தினால் வெறும் வெள்ளைப் பக்கம். மாற்றியது யார் என்று பார்த்தால் சிட்டுவின் பெயர்.

மேனேஜர் அவளைக் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டார். வெளியே அண்ணன் எழுந்தார், உட்கார்ந்தார். ஒரு திட்டோடு போய்விடும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். அப்படிச் சொல்லிக்கொண்டது அவருக்கே அசிங்கமாக இருந்தது.

சிட்டு வெளியே வந்தாள். நேராக அவரிடம்தான் வந்தாள்.

"மன்னிச்சிடுங்கண்ணே, நீங்க பாத்துப் பாத்துத் திருத்தின பக்கமெல்லாம் என்னால போச்சு. எப்ப மாத்தினேன்னே ஞாபகம் இல்ல. என் பேர்ல இருக்கே, நான்தான்னு ஒத்துக்கிட்டேன். இன்னையோட நின்னுக்கச் சொல்லிட்டாங்க."

அண்ணன் அடித்துப்பிடித்து அறைக்குள் ஓடினார். "சார், அது நான் செஞ்சது. அவ மேல தப்பே இல்ல."

மேனேஜர் சிரித்தார். "நீங்களாவது, பாக்காம மாத்தறதாவது! உங்க நல்ல மனசு எனக்குத் தெரியாதாண்ணே? அந்தப் பொண்ணே ஒத்துக்கிட்டா."

"சத்தியமா நான்தான் சார்!"

"விடுங்கண்ணே. முடிஞ்சுபோச்சு."

வெளியே வந்தபோது சிட்டு மேசையைக் காலி செய்துகொண்டிருந்தாள். கண்ணாடிக் கதவு திறந்தே இருந்ததால் எல்லாம் அவள் காதில் விழுந்திருந்தது.

"எனக்காகப் பொய் சொன்னீங்களாண்ணே?" அவள் அவர் பக்கம் திரும்பினாள். "இங்க எனக்குன்னு பேசினது நீங்க ஒருத்தர்தான்."

"இல்லம்மா, நெஜமாவே நான்தான்."

"போதும்ணே," என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.